வாடகை வீடும் வாராத மறுமொழியும்

வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுக்கோ, போடிமெட்டைக் கடந்து இடுக்கிக்கோ பணியின் பொருட்டுச் செல்லும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதலில் வேண்டுவது குடியிருக்க ஒரு வீடு. அதைத் தேடப் புகும்போது அவர்கள் எதிர்கொள்வது வீட்டுக்காரரின் மௌனம். பத்துப் பேருக்கு எழுதினால் எட்டுப் பேரிடமிருந்து விடை வருவதில்லை. ஒருவர் ‘பார்ப்போம்’ என்கிறார். மற்றவர் வாடகைத் தொகையை மட்டும் சொல்லிவிட்டு மறைந்துபோகிறார். கேரளத்தில் ஜூன் தொடக்கத்தில் பள்ளிகள் திறந்துவிடும். அதற்குள் முகவரி ஒன்று கிடைக்காவிடில், குழந்தைகளின் படிப்பு ஓரிடத்திலும் தந்தையின் பணி வேறோரிடத்திலுமாகக் குடும்பம் ஓராண்டு பிரிந்திருக்க நேரிடும். ‘தமிழர் என்பதால்தான் விடை தர மறுக்கிறார்கள்’ என்று மனம் கசந்து பேசுவோரும் உளர். அக்கசப்புக்குச் சில வேளைகளில் காரணம் உண்டு. பெரும்பாலும் மௌனத்தின் காரணம் வேறாக இருக்கிறது. முதலில் பாலக்காட்டையும், அதன்பின் இடுக்கி மலையையும் எடுத்துக்கொண்டு அக்காரணங்களை நோக்குவோம்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது, சிற்றூர் வட்டமும் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் தமிழ் பேசுவோர் பலரைக் கொண்டவையாயினும் கேரளத்தில் அமைந்தன. இவர்களை முன்னிட்டு 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் ஓர் உரிமையை அளித்தது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம்; விடையும் அம்மொழியிலேயே தரப்படவேண்டும். ஆகவே, கொழிஞ்சாம்பாறையில் வாழும் ஒருவர் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் மனுக் கொடுத்துத் தமிழில் விடை கேட்க உரிமையுடையவர். அடுத்த தெருவில் வீட்டை வாடகைக்கு விடுபவருக்கோ இத்தகைய கடமை ஒன்றும் இல்லை.

அவர் கடமையால் அன்றி விருப்பத்தால் விடை தரவேண்டியவர். விருப்பம் எழவேண்டுமாயின், நாம் எழுதியதை அவர் முதலில் படிக்க இயலவேண்டும். பாலக்காட்டுச் சீமையில் தமிழ் புரியாதவர் குறைவு. சந்தையிலும் பேருந்திலும் தடையின்றித் தமிழ் பேசுவர். ஆனால் பேசுபவர் அனைவரும் தமிழ் எழுத்தைப் படிப்பவர் அல்லர். மலையாளப் பள்ளியில் படித்தமையால், வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்தினரிலும் தமிழ் எழுத்து வசப்படாதவர் பலர். நேரில் இனிய தமிழில் பேசிய வீட்டுக்காரருக்கு ஊர் திரும்பியபின் தமிழ் எழுத்தில் நீண்ட செய்தி அனுப்பினால், அது படிக்கப்படாமலே கிடக்கும். படிக்கத் தெரியவில்லை என்று சொல்ல எவரும் நாணுவர். ஆகவே விடையும் வாராது. இந்நிலையில் கைபேசியில் குரலாகப் பேசி அனுப்புவது நன்று. அலுவலகத்தில் மலையாளம் அறிந்த நண்பர் ஒருவரைக் கொண்டு நான்கு வரி எழுதுவித்தல் அதனினும் நன்று.

இனி, படித்தும் விடை தாராதவரைக் கவனிப்போம். இவருடைய தயக்கத்தின் வேர் நில வரலாற்றில் இருக்கிறது.

பாலக்காடு நெல் விளையும் பூமி. பாரதப்புழையின் கிளையாறுகள் பாயும் வயல்களை ஒருசாரார் உடைமையாகக் கொண்டிருந்தனர்; வேறொரு சாரார் குத்தகைக்கு உழுதனர். 1963-ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969-இல் திருத்தப்பட்டு, 1970 ஜனவரி 1 முதல் முழு வேகத்துடன் நடைமுறைக்கு வந்தது. குத்தகை முறை ஒழிந்தது. உழுதவர் தாம் உழுத நிலத்துக்கு உரிமை பெற்றனர். பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்தவர்களுக்கும் ‘குடிகிடப்பு’ என்னும் உரிமை கிட்டியது. குடிசையைச் சுற்றி ஊராட்சிப் பகுதியில் 10 செண்ட் வரையிலும், நகராட்சிப் பகுதியில் 5 செண்ட் வரையிலும், மாநகரில் 3 செண்ட் வரையிலும் அவர்கள் குறைந்த விலைக்குப் பெறலாம் என்று சட்டம் கூறியது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் மண்ணில் ஒண்டிக் கிடந்தவர்களுக்கு இச்சட்டம் நியாயம் செய்தது என்பதே நம் கருத்து. எனினும் நிலத்தை இழந்த குடும்பங்களின் நெஞ்சில் ஒரு பாடம் ஆழப் பதிந்துவிட்டது: ‘உள்ளே வந்தவர் வெளியே போகமாட்டார், சீட்டு எழுதிக் கொடுத்தால் உரிமை போய்விடும்’ என்பதே அது.

சட்டப்படி இவ்வச்சத்துக்கு இன்று இடம் இல்லை. குடிகிடப்பு என்று கருதப்படும் குடிசை இன்னதென்று அச்சட்டமே வரையறுக்கிறது. கட்டிய செலவு 750 ரூபாய்க்கு மேற்படாததாகவோ, கட்டிய காலத்தில் மாதம் 5 ரூபாய்க்கு மேல் வாடகை தரத் தகாததாகவோ அது இருத்தல் வேண்டும். இக்காலத்துக் காரை வீடு எதுவும் அவ்வரையறைக்குள் அடங்காது. ஆயினும் அச்சம் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து எழுவதில்லையே! போதாக்குறைக்கு, 1965-ஆம் ஆண்டின் கேரளக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இருக்கிறது. அச்சட்டம் அறிவிக்கப்பட்ட பகுதிகளில், வாடகை நிலுவை, ஒப்புதலின்றி உள்வாடகைக்கு விடுதல், வீட்டுக்காரரின் உண்மையான சொந்தத் தேவை முதலிய குறிப்பிட்ட காரணங்களைக் காட்டி, வாடகை நீதிமன்றத்தின் வாயிலாகவே குடியிருப்பவரை வெளியேற்ற இயலும். குடியிருப்பவருக்கு இது அரண். வீட்டுக்காரருக்கோ நீண்ட வழக்கு என்னும் நினைவு. முகமறியாத ஒருவரிடமிருந்து ‘வீடு காலியா?’ என்று இரண்டே சொற்களில் வரும் செய்திக்கு அவர் ஏன் விடை தரவில்லை என்பது இப்போது விளங்கும். ‘இவர் யார்? எவ்வளவு நாள் இருப்பார்? போகச் சொன்னால் போவாரா? இவருக்காகப் பேச ஊரில் யார் இருக்கிறார்?’ என்னும் கேள்விகளே அவர் உள்ளத்தில் நிற்கின்றன. அவற்றை வாய்விட்டுக் கேட்பது அவருக்குக் கூச்சம். ஆகவே பேசாமல் இருந்துவிடுகிறார்.

வீட்டுக்காரர் ஊரிலேயே இல்லாமையும் மௌனத்துக்கு மற்றொரு காரணம். பாலக்காட்டு மக்கள் பிழைப்பைத் தேடி வெளியே செல்வதில் நமக்கு முன்னோடிகள். கல்பாத்தி அக்கிரகாரத்து வீட்டுக்கு உரியவர் சென்னையிலோ மும்பையிலோ இருக்கலாம். புதிதாகக் கட்டிய மாடி வீட்டுக்கு உரியவர் வளைகுடா நாட்டில் இருக்கலாம். வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் இருக்கிறது. அவரிடம் கேட்டால் ‘சொல்கிறேன்’ என்பார். முடிவு செய்யும் உரிமை அவருக்கு இல்லை. அவரிடம் கேட்கவேண்டியது வீட்டை அன்று. முடிவு செய்பவர் யார், அவரை எந்நேரத்தில் அழைக்கலாம் என்பதையே கேட்கவேண்டும். துபாயின் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பிந்தியது. சவூதி அரேபியா, கத்தார், குவைத் ஆகியவை இரண்டரை மணி நேரம் பிந்தியவை. நாம் மாலை ஏழு மணிக்கு அழைத்தால் அவர் பணியில் இருப்பார், அல்லது பணி முடிந்து வழியில் இருப்பார். இரவு ஒன்பதரைக்கு அழைத்தால் பேச நேரம் இருக்கும். அக்கிரகார வீடுகளில் வேறொரு தடையும் உண்டு. ஐப்பசித் தேர்த் திருவிழாவுக்கு உறவினர் யாவரும் வந்து தங்குவதற்கென்றே சிலர் வீட்டைப் பூட்டி வைத்திருப்பர். அவ்வீட்டுக்கு எத்தனை முறை எழுதினும் பயன் இல்லை.

விடை வந்தும் அதை விடையென்று நாம் அறியாமற்போவதும் உண்டு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இதில் சற்று ஈடுபாடு மிகுதி, நேயர்கள் பொறுத்தருள்க. தமிழும் மலையாளமும் உடன்பிறந்த மொழிகள். உடன்பிறந்தாரிடையேதான் மனவேறுபாடும் மிகுதி. ‘எத்ர மக்களுண்டு?’ என்று வீட்டுக்காரர் கேட்டால், அவர் கேட்பது நம் பிள்ளைகளின் எண்ணிக்கையை. நம் தமிழரோ மக்கள் என்றால் ஆட்கள் என்று கொண்டு, தாய் தந்தை உட்பட ஆறு பேர் என்பார். ஆறு பிள்ளைகளா என்று கேட்டவர் திகைத்துப் போவார். ‘வெள்ளம் உண்டு’ என்றால் வீட்டுக்குள் ஆற்றுநீர் புகும் என்று அஞ்சவேண்டா; குடிக்கத் தண்ணீர் உண்டு என்பதே பொருள். ‘நேரில் சம்சாரிக்காம்’ என்பது மனைவியைப் பற்றிய பேச்சு அன்று. நேரில் பேசிக்கொள்வோம் என்பதே. முறி என்பது அறை. தாக்கோல் என்பது சாவி.

இவற்றினும் தொல்லை தருவது ‘ஆம்’ என்னும் ஈறு. தமிழில் ‘வரலாம்’ என்றால் பெரும்பாலும் கேட்பவருக்கு வழங்கும் அனுமதி. மலையாளத்தில் ‘வராம்’ என்றால் ‘நான் வருகிறேன்’ என்னும் வாக்குறுதியாகவும் அமையும். ‘ஞாயறாழ்ச வராம்’ என்று வீட்டுக்காரர் சொன்னார் என வைத்துக்கொள்வோம். அவர் ஞாயிற்றுக்கிழமை நம் இடத்துக்கு வந்து காண்பதாக எண்ணுகிறார். நாமோ அவர் வீட்டு வாயிலில் போய் நிற்கிறோம். இருவரும் ஒருவரை ஒருவர் குறை கூறிக்கொண்டு திரும்புகிறோம். அச்சொல்லுக்கு இரு பொருளுக்கும் இடம் இருப்பதால், யார் வருவது, எங்கே, எத்தனை மணிக்கு என்று அப்போதே கேட்டுத் தெளிதல் வேண்டும். ‘பறயாம்’ என்றால் நான் சொல்கிறேன். ‘விளிக்காம்’ என்றால் நான் அழைக்கிறேன். இவ்விரண்டும் நம்பத்தக்க விடைகள். மூன்று நாள் பொறுத்து ஒரு முறை நினைவூட்டினால் குற்றமில்லை. ‘நோக்கட்டெ’ என்பது ‘பார்க்கட்டும்’ என்பதற்கு நேர். நம் ஊரிலும் அதன் பொருள் நாம் அறிந்ததே!

நாம் எழுதும் முதற்கடிதம் எப்படி இருக்கவேண்டும்? அவர் கேட்கக் கூசும் கேள்விகளுக்கெல்லாம் அது முன்கூட்டியே விடை சொல்வதாக இருக்கவேண்டும். சான்றாக, கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கு மாற்றலாகி வரும் ஒருவர் இவ்வாறு எழுதலாம்: ‘ஐயா, வணக்கம். நான் கஞ்சிக்கோட்டில் இன்ன நிறுவனத்தில் இன்ன பணியில் மே மாதம் முதல் சேர்கிறேன். நான், என் மனைவி, இரண்டு பிள்ளைகள், என் தாயார் ஆக ஐவர் குடியிருப்போம். மூன்று ஆண்டுகள் இங்கே இருப்பேன் என்று எதிர்பார்க்கிறேன். உங்கள் பக்கத்துத் தெருவில் வாழும் இன்னார் என்னை அறிவார், அவரிடம் விசாரிக்கலாம். பதினோரு மாத உடன்படிக்கைக்கும், காவல் நிலையத்தில் கொடுப்பதற்கான அடையாளச் சான்றுக்கும் ஆயத்தமாக இருக்கிறேன். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டைப் பார்க்க வரலாமா? வீடு கொடுக்கும் எண்ணம் இல்லையெனில், இல்லை என்று ஒரு சொல் அனுப்பினாலும் நன்றியுடையேன்.’ இவ்வளவு போதும். இறுதி வரியை விட்டுவிடக் கூடாது. மறுப்பதற்குக் கூசித்தான் பலர் மௌனம் சாதிக்கின்றனர். மறுக்கும் வழியை நாமே திறந்துவைத்தால் ‘இல்லை’ என்ற விடையாவது கிடைக்கும், அவ்விடை கிடைத்தால் அடுத்த வீட்டை நாடலாம். முதற்கடிதத்திலேயே வாடகையைக் குறைக்கக் கேட்பதும், 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நமக்குள்ள புலமையைக் காட்டுவதும் தகா. அப்புலமையைக் கண்டால் வீட்டுக்காரர் கதவை இருமுறை தாழிடுவார்.

‘இன்னார் என்னை அறிவார்’ என்ற வரிக்கு ஆள் இல்லாதவர் என் செய்வது? கேரளத்தில் ஊராட்சி வார்டு உறுப்பினர் எளிதில் காணக்கூடியவர். தம் வார்டின் வீடுகளை நன்கறிந்தவர். 1998-இல் தொடங்கப்பெற்ற குடும்பஸ்ரீ இயக்கத்தின் மகளிர் அயற்கூட்டங்கள் ஏறக்குறைய ஒவ்வொரு தெருவிலும் உள்ளன. எவ்வீடு காலியாக இருக்கிறது, எவ்வீட்டார் அடுத்த மாதம் போகிறார்கள் என்பதைத் தரகருக்கு முன்னதாக அறிபவர் அப்பெண்மணிகளே. நம் இல்லத்தரசி ஒருநாள் அங்குச் சென்று நேரில் பேசினால், பத்துக் கடிதங்கள் செய்யாததை அது செய்துவிடும்.

வெறுப்பினால் விளையும் மௌனமும் இல்லாமல் இல்லை. உணவைக் கேட்டு விலக்குவர். சமயத்தைக் கேட்டு விலக்குவர். தனித்து வாழும் பெண் என்பதால் விலக்குவர். குலத்தை நேராகக் கேளாமல் ஊரின் பெயரைக் கேட்டு விலக்குவோரும் உளர். தீண்டாமையின் பெயரால் ஒருவர் ஓரிடத்தில் குடியிருப்பதைத் தடுத்தல் 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் காரணம் கூறாமல் விடை தாராதிருப்பவரைச் சட்டத்தின் பிடிக்குள் கொணர்தல் அரிது. எத்துணை நயமாக எழுதினும் இம்மௌனம் உடைவதில்லை. அதற்காக ஒரு கிழமையைச் செலவிடுதல் வீண்.

விடை கிடைத்து வீட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சிற்றூரின் கீழ்ப்பகுதி மழை குறைந்த நிலம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதிப் பக்கங்களில் கோடையில் கிணறு வற்றுமா என்று கேட்டே தீரவேண்டும். வீட்டுக்காரர் ஆட்களின் எண்ணிக்கையைத் துருவிக் கேட்பதற்கும் பல வேளைகளில் தண்ணீரே காரணம். வீட்டைக் காணுமுன் முன்பணம் அனுப்பக் கூடாது. இரு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணச் சீட்டையும், ஊராட்சி வரி கட்டிய சீட்டையும் காட்டச் சொல்லி, அவற்றிலுள்ள பெயரும் பணம் கேட்பவரின் பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தபின் கொடுக்கலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை உடன்படிக்கை கட்டாயமாகப் பதிவு செய்யப்படவேண்டும் என்பதால்தான் பதினோரு மாதம் என்னும் வழக்கம் ஏற்பட்டது. வாளையாற்றுக்கு இப்பால் எட்டிமடையிலோ மதுக்கரையிலோ குடியிருந்து நாள்தோறும் கஞ்சிக்கோட்டுக்குச் சென்று வருவோர், தங்களுக்குப் பொருந்துவது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் என்பதை நினைவில் கொள்க. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டப்படி உடன்படிக்கை எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாதல் வேண்டும்.

காலமும் பார்க்கவேண்டும். நம் ஆடியே அவர்களுடைய கர்க்கடகம். அடைமழையும் வறுமையும் சேர்ந்த மாதமென்று அதில் புதுக்குடி புகுதலை அங்கும் தவிர்ப்பர். அம்மாதத்தில் விடை தாராத வீட்டுக்காரரைச் சிங்ஙம் பிறந்த பிறகு, அதாவது நம் ஆவணியில், மீண்டும் ஒருமுறை கேட்கலாம்.

இனி, இடுக்கி. பாலக்காட்டில் வீடு உண்டு, விடை இல்லை. மலையிலோ வீடே அரிது. மூணாற்றில் ஓர் அறையைச் சுற்றுலாப் பயணிக்கு நாள் வாடகைக்கு விட்டால் சில நாட்களில் கிடைக்கும் பணம், மாதக் குடியிருப்பாளர் தரும் வாடகைக்கு ஈடாகிவிடும். குமுளியில் தேக்கடிப் பயணிகளோடு, கார்த்திகை முதல் தை வரை சபரிமலை செல்வோரும் சேர்ந்துகொள்கின்றனர். அந்நாட்களில் மாத வாடகை கேட்டு எழுதினால் எவர் விடை தருவார்? ஜூன், ஜூலை மழையில் பயணிகள் குறைந்து அறைகள் காலியாக இருக்கும்போது கேட்டால் விடை கிடைக்கும். ஆயின், அடுத்த பருவத்தில் வெளியேறச் சொல்வாரா என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். பட்டா இல்லாத நிலத்தில் எழுந்த கட்டடங்களும் அங்கு உண்டு. அவற்றின் உரிமையாளர் உடன்படிக்கையில் கையொப்பமிடத் தயங்குவர். உடன்படிக்கை இல்லையெனில் குடும்ப அட்டைக்கும் எரிவாயு இணைப்புக்கும் முகவரிச் சான்று காட்டுதல் கடினமாகிவிடும்.

ஏலத் தோட்ட வேலைக்குக் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் நாள்தோறும் விடியுமுன் ஜீப்பேறி மலைக்குச் சென்று மாலையில் திரும்புவோர் ஏராளம். மலையில் வீடு கிடைக்காமையும், கிடைத்தாலும் கூலிக்குக் கட்டுப்படியாகாமையும் அப்பயணத்துக்குக் காரணங்கள். இவர்களினும் நெருக்கடியில் இருப்போர் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. ஆயினும் அவ்வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போவது. நில உச்சவரம்பிலிருந்து தோட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. வயற்புறத்துக் குடிசைவாசிக்கு 10 செண்ட் நிலம் தந்த அதே சட்டத்தின் காலத்தில், நாற்பதாண்டு கொழுந்து கிள்ளியவரின் லைன் வீடு நிறுவனத்தின் உடைமையாகவே நின்றது. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லைன் வீடுகளை மூடியபோது 70 பேர் மாண்டனர். மலைச்சரிவில் ஒட்டியிருந்த அவ்வீடுகளுக்கு மாற்றாக வேறு கூரை தேடிக்கொள்ளும் வசதி அங்கிருந்தோருக்கு இருந்ததில்லை.

ஓய்வுபெறும் தொழிலாளி லைன் வீட்டைக் காலி செய்யவேண்டும். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பூர்வீக ஊரில் வீடும் இல்லை. அறிந்த முகமும் இல்லை. மகனோ மகளோ மூணாற்றுக் கடையிலோ விடுதியிலோ வேலை பார்ப்பதால் மலையை விட்டு இறங்கவும் இயலாது. இக்குடும்பங்கள் வீடு கேட்டு எழுதும்போது, ஓய்வுபெறும் பெற்றோரின் பெயரில் எழுதாமல் சம்பளம் பெறும் பிள்ளையின் பெயரில் எழுதுதல் நன்று. வீட்டுக்காரர் எடைபோடுவது மாதந்தோறும் வாடகை வருமா என்பதையே. தோட்டத்தின் முகவரியோடு வார்டு உறுப்பினரின் பெயரையும், பல ஆண்டு பழகிய தொழிற்சங்கச் செயலாளரின் பெயரையும் சேர்த்து எழுதலாம். மூணாறு நகருக்குள் மட்டும் தேடாமல் மறையூர், காந்தளூர், அடிமாலிப் பக்கங்களிலும் விசாரிக்கலாம். தேடலை ஓய்வு நாளுக்கு ஓராண்டு முன்னரே தொடங்கவேண்டும். காலி செய்யும் நாள் குறித்த தாள் கையில் வந்த பிறகு எழுதும் கடிதத்தில் அவசரம் தெரியும். அவசரத்தைக் கண்ட வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டுவார், இல்லையேல் விடையின்றி இருந்துவிடுவார்.